மகாராஜா யாருடைய கணக்கில் பறந்தார்?

ஏர் இந்தியாவைப் பற்றிப் பேச்செடுத்தால் நம்மிடம் மூன்று வரிக் கதை ஒன்று தயாராக இருக்கிறது. டாடா தொடங்கினார், அரசு பறித்துக்கொண்டு கெடுத்தது, பல பத்தாண்டுகள் கழித்து டாடா குழுமமே அதை மீட்டெடுத்தது. கேட்பதற்குக் கச்சிதமாக இருந்தாலும், ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்க்கும்போது இந்தக் கதை நிற்பதில்லை. அந்த நிறுவனம் உலகப் புகழ் பெற்ற காலத்தின் பெரும்பகுதி, அதாவது 1953 முதல் 1978 வரையிலான கால் நூற்றாண்டு, முழுமையான அரசுடைமையில்தான் கழிந்தது. எனவே, உரிமையாளர் யார் என்பதைக் காட்டிலும், அரசுக்காகச் செய்த வேலைக்கும் சந்தைக்காகச் செய்த வேலைக்கும் தனித்தனியே கணக்கு வைக்கப்பட்டதா என்பதுதான் அதன் ஏற்ற இறக்கங்களை விளக்கும் கேள்வி என்று நான் கருதுகிறேன்.

இந்த நிறுவனத்தின் வரலாறு தபால் மூட்டைகளில் தொடங்குகிறது. லண்டனிலிருந்து இம்பீரியல் ஏர்வேஸ் நிறுவனம் கராச்சி வரை கொண்டுவந்து சேர்த்த அஞ்சல், அங்கிருந்து ரயிலேறித் தென்னகம் வந்து சேர்வதற்குள் விமானத்தில் மிச்சப்பட்ட நாட்கள் தரையில் வீணாகிக்கொண்டிருந்தன. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா ஒற்றை எஞ்சின் கொண்ட 'பஸ் மாத்' என்ற சிறு விமானத்தைத் தாமே ஓட்டிக்கொண்டு கராச்சியின் டிரிக் ரோடு தளத்திலிருந்து புறப்பட்டு, அகமதாபாத் வழியாகப் பம்பாயின் ஜூஹூவில் இறங்கினார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்ற முன்னாள் பிரிட்டிஷ் விமானப்படை விமானி அந்த அஞ்சலைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். அகமதாபாதில் நிரப்பவேண்டிய எரிபொருள் தகர டப்பாக்களில் மாட்டுவண்டி ஏறி வந்தது. ஜூஹூ தளம் மழைக்காலத்தில் சேறாகிவிடும் என்பதால், அந்த மாதங்களில் சேவையைப் புனேவுக்கு மாற்ற வேண்டியிருந்தது. முதல் ஆண்டில் 155 பயணிகளும் பத்து டன்னுக்குச் சற்றுக் குறைவான தபாலும் ஏற்றிச் செல்லப்பட்டதாகவும், 60,000 ரூபாய் லாபம் கிடைத்ததாகவும் பதிவாகியிருக்கிறது. இந்தச் சேவைக்கு அரசு மானியம் எதுவும் தரவில்லை. ஏற்றிச் சென்ற தபாலுக்கு உரிய கட்டணத்தை மட்டுமே தந்தது. அரசு ஒரு வேலையைச் சொல்கிறது, அதற்கு விலை பேசுகிறது, நிறுவனம் அதைச் செய்துகொடுக்கிறது. இதைவிடத் தெளிவான உறவு அந்த நிறுவனத்துக்கும் அரசுக்கும் இடையே பிறகு நெடுங்காலம் அமையவில்லை.

டாடா ஏர்லைன்ஸ் 1946இல் ஏர் இந்தியா என்ற பெயரில் பொதுப் பங்கு நிறுவனமாயிற்று. அதன் விளம்பரச் சின்னமான மகாராஜா பிறந்ததும் அந்த ஆண்டில்தான். நிறுவனத்தின் வணிகப் பிரிவை நடத்திய பாபி கூக்காவும், ஜே. வால்டர் தாம்ப்சன் விளம்பர நிறுவனத்தின் ஓவியர் உமேஷ் ராவும் சேர்ந்து உருவாக்கிய அந்த மீசைக்காரர், பின்னாளில் மல்யுத்த வீரராகவும் காதலராகவும் துறவியாகவும் எத்தனையோ வேடம் பூண்டு சுவரொட்டிகளில் வந்தார். 1948இல் அரசு 49 சதவீதப் பங்குடன் சேர்ந்துகொள்ள, ஏர் இந்தியா இன்டர்நேஷனல் உருவாகி, அவ்வாண்டு ஜூன் 8 அன்று 'மலபார் பிரின்சஸ்' என்ற கான்ஸ்டலேஷன் விமானம் பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்குப் பறந்தது. அதே விமானம் 1950 நவம்பரில் ஆல்ப்ஸ் மலையின் மோன் பிளாங் சிகரத்தில் மோதி 48 பேர் இறந்தனர். 1966 ஜனவரியில் 'காஞ்சன்ஜங்கா' என்ற போயிங் 707 அதே மலையில் மோதியபோது இறந்த 117 பேரில் அணு விஞ்ஞானி ஹோமி பாபாவும் ஒருவர்.

புதிதாக விடுதலை பெற்ற நாடுகள் எல்லாம் ஏன் உடனே ஒரு விமான நிறுவனத்தைத் தொடங்கின என்று சிலர் கேட்பதுண்டு. கௌரவம் ஒரு காரணம்தான், ஆனால் அதற்கு அடியில் சட்டக் காரணம் ஒன்றும் இருந்தது. 1944ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கைப்படி ஒவ்வொரு நாட்டுக்கும் தன் வான்வெளி மீது முழு இறையாண்மை உண்டு. எந்த நகருக்கு, வாரத்துக்கு எத்தனை முறை, எத்தனை இருக்கைகளுடன் பறக்கலாம் என்பதை இரு அரசுகள் உட்கார்ந்து பேசி முடிவு செய்கின்றன. அந்த உரிமையைப் பயன்படுத்தும் நிறுவனத்தை ஒவ்வோர் அரசும் நியமிக்கிறது. அந்த நிறுவனத்தின் உடைமையும் கட்டுப்பாடும் நியமித்த நாட்டவரிடம் இருக்கவேண்டும் என்பது பெரும்பாலான ஒப்பந்தங்களின் நிபந்தனை. சொந்தமாக ஒரு விமான நிறுவனம் இல்லாத நாடு, பேசிப் பெற்ற உரிமையை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. இந்த நிபந்தனையின் நிழல் 2021இல் ஏர் இந்தியா விற்கப்பட்டபோதும், வெளிநாட்டவர் பங்கு 49 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற வடிவில் தொடர்ந்தது.

1953ஆம் ஆண்டின் விமான நிறுவனங்கள் சட்டம் இரண்டு கழகங்களை உருவாக்கியது. வெளிநாட்டுச் சேவை ஏர் இந்தியா இன்டர்நேஷனலுக்கும், எட்டு தனியார் நிறுவனங்களை ஒன்றாக்கிய உள்நாட்டுச் சேவை இந்தியன் ஏர்லைன்ஸுக்கும் போயின. தேசியமயமாக்கலை எதிர்த்த ஜே.ஆர்.டி.யையே நேரு ஏர் இந்தியாவின் தலைவராக இருக்கச் சொன்னார். அவரும் சம்பளமின்றி 1978 வரை அப்பதவியில் இருந்தார். 1960இல் போயிங் 707 வந்தது, அவ்வாண்டு மே மாதம் நியூயார்க் சேவை தொடங்கியது, 1962இல் தன் விமானங்கள் அனைத்தும் ஜெட்களே என்று அறிவிக்கும் நிலையை நிறுவனம் எட்டியது. 1971இல் வந்த 'எம்பரர் அசோகா' என்ற போயிங் 747இன் சன்னல்களைச் சுற்றி ராஜஸ்தானத்து மாடங்களைப் போல வண்ணம் தீட்டி, வானத்து அரண்மனை என்று விளம்பரம் செய்தார்கள். 1967இல் ஓவியர் சால்வடோர் டாலியிடம் பயணிகளுக்குப் பரிசளிக்கச் சாம்பல் கிண்ணம் வடிவமைத்துத் தரக் கேட்டபோது, அவர் கூலியாக யானைக்குட்டி ஒன்றைக் கேட்க, நிறுவனம் உண்மையாகவே ஒரு குட்டியை விமானத்தில் ஏற்றி அனுப்பிவைத்தது. இன்றைய தணிக்கையாளர் இதைப் பார்த்தால் என்ன குறிப்பு எழுதுவார் என்று யோசித்துப் பார்ப்பது எனக்குப் பிடித்தமான பொழுதுபோக்கு.

இந்தப் பொற்காலத்தை ஜே.ஆர்.டி. என்ற தனிமனிதரின் நேர்த்தியாக மட்டும் பார்ப்பதையும் நான் ஏற்கவில்லை. அக்காலத்தில் பன்னாட்டு விமானக் கட்டணங்கள் உலக விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டாவின் மாநாடுகளில் பேசி நிர்ணயிக்கப்பட்டன. லண்டனுக்கு எந்த நிறுவனத்தில் போனாலும் சீட்டு விலை ஏறத்தாழ ஒன்றுதான். விலையில் போட்டி இல்லாத இடத்தில் உபசரிப்பிலும் உணவிலும் சேலையிலும் விளம்பர நகைச்சுவையிலும்தான் போட்டி நடக்கும், அந்த ஆட்டத்தில் ஏர் இந்தியா தேர்ந்திருந்தது. அமைச்சகம் தூரத்தில் நின்றதும், தலைவரின் சொல்லுக்குப் பிரதமர் அலுவலகத்தில் மதிப்பிருந்ததும் அதற்குத் துணைசெய்தன.

இதே காலத்தில் உள்நாட்டில் நடந்த வேலை அத்தனை பகட்டானதன்று, ஆனால் எனக்கு அதுவே கூடுதல் வியப்பைத் தருகிறது. 1949இல் அன்றைய தகவல் தொடர்பு அமைச்சர் ரஃபி அகமது கித்வாயின் முயற்சியில் இரவு விமானத் தபால் தொடங்கியது. டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் இரவில் ஒவ்வொரு டகோட்டா விமானம் கிளம்பும்; நான்கும் நள்ளிரவுக்குப் பின் நாட்டின் நடுவில் உள்ள நாக்பூரில் கூடும்; தபால் மூட்டைகளும் பயணிகளும் விமானம் மாறியதும் அவை திரும்பிப் பறந்து விடியற்காலையில் தத்தம் நகரம் சேரும். சென்னையில் மாலையில் பெட்டியில் போட்ட கடிதம் மறுநாள் டெல்லியில் பட்டுவாடா ஆக, கூடுதல் விமானக் கட்டணம் எதுவும் செலுத்த வேண்டியதில்லை. தனியார் நிறுவனங்களிடம் இருந்த இந்தச் சேவை தேசியமயத்துக்குப் பின் இந்தியன் ஏர்லைன்ஸிடம் வந்து, 1970களின் தொடக்கம் வரை நடந்தது. பல திசைகளிலிருந்து வரும் விமானங்களை ஓரிடத்தில் ஒரே நேரத்தில் கூடவைத்து, சுமையை மாற்றிப் பிரித்தனுப்பும் இந்த முறையைத்தான் பிற்காலத்தில் பெரிய விமான நிறுவனங்கள் தங்கள் மைய நிலையங்களில் நாள்தோறும் பலமுறை செய்யத் தொடங்கின. விளக்கும் கருவிகளும் குறைந்த ஒரு காலத்தில், வெப்பக் காற்றிலும் மழையிலும், இரண்டு எஞ்சின் டகோட்டாக்களைக் கொண்டு இதை நடத்திக் காட்டியவர்களுக்குச் சுவரொட்டிகளில் இடம் கிடைக்கவில்லை.

1978 புத்தாண்டு நாளில் எம்பரர் அசோகா பம்பாயிலிருந்து கிளம்பிச் சில நிமிடங்களில் பாந்திரா அருகே கடலில் விழுந்து 213 பேர் இறந்தனர். விமானத்தின் சாய்வைக் காட்டும் கருவி பழுதடைய, இருண்ட கடலின் மேல் விமானி திசை தடுமாறியதே காரணம் என்று கண்டறியப்பட்டது. அடுத்த மாதமே மொரார்ஜி தேசாய் அரசு ஜே.ஆர்.டி.யைத் தலைவர் பதவியிலிருந்து நீக்கி, முன்னாள் விமானப்படைத் தளபதி பி.சி. லாலை நியமித்தது. அதற்குப் பின் தலைவர்கள் வருவதும் போவதும் அமைச்சகத்தின் விருப்பத்தைப் பொறுத்த செயலாகிவிட்டது. 1985 ஜூன் 23 அன்று அயர்லாந்துக் கரைக்கு அப்பால் அட்லாண்டிக் கடலுக்கு மேலே ஏர் இந்தியாவின் 'கனிஷ்கா' விமானம் வெடித்துச் சிதறி 329 பேர் உயிரிழந்தனர். வான்கூவரில் பெட்டியைப் பதிவு செய்தவர் விமானத்தில் ஏறவேயில்லை, குண்டு வைத்த அந்தப் பெட்டி மட்டும் பயணம் செய்தது. பயணி ஏறாத பெட்டியை இறக்கிவிட வேண்டும் என்ற நடைமுறை உலக விமான நிலையங்களில் கண்டிப்பாக்கப்பட்டதற்கு இந்தச் சதி முக்கியக் காரணம்.

அரசுக்குச் சொந்தமாக ஒரு விமான நிறுவனம் எதற்கு என்ற கேள்விக்கு 1990ஆம் ஆண்டைத்தான் எல்லாரும் விடையாகச் சொல்வார்கள். குவைத்தை ஈராக் கைப்பற்றியபோது அங்கே சிக்கிய இந்தியர்கள் பாலைவனம் கடந்து ஜோர்டான் தலைநகர் அம்மானுக்கு வந்து சேர, ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை ஏறத்தாழ இரண்டு மாதங்களில் 488 பறப்புகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் தாயகம் கொண்டுவரப்பட்டனர். ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் அன்றாடச் சேவைகளைக் கலைத்து இந்த வேலையைச் செய்தன. பெருமைக்குரிய செயல் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், இதே மனப்பான்மை சாதாரண நாட்களிலும் பழகிப்போயிற்று. பிரதமரும் குடியரசுத் தலைவரும் வெளிநாடு போகும்போதெல்லாம் போயிங் 747 ஒன்று வழக்கமான சேவையிலிருந்து விலக்கப்பட்டு மாற்றியமைக்கப்படும். அதற்கான கட்டணப் பாக்கி நூற்றுக்கணக்கான கோடிகளாக ஆண்டுக்கணக்கில் நிலுவையில் நிற்கும். மத்திய அரசு ஊழியர்கள் அரசுச் செலவில் பறந்தால் ஏர் இந்தியாவில்தான் பறக்கவேண்டும் என்ற விதியும், அந்தச் சீட்டுகளைக் கடனில் தரும் வழக்கமும் இருந்தன. ஒரு கையால் வாடிக்கையாளரைக் கட்டாயப்படுத்திச் சேர்த்துக்கொடுத்து, மறு கையால் பணத்தை நிறுத்திவைக்கும் இந்த ஏற்பாட்டில், நட்டத்தில் எவ்வளவு நிர்வாகக் கோளாறு, எவ்வளவு அரசு வேலையின் செலவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாமல் போயிற்று.

உண்மையான முறிவு 2005க்கும் 2007க்கும் இடையில் நேர்ந்தது என்பது என் கணிப்பு. ஏர் இந்தியா 68 போயிங் விமானங்களையும், இந்தியன் ஏர்லைன்ஸ் 43 ஏர்பஸ் விமானங்களையும் பெரும்பாலும் கடன் வாங்கியே வாங்க ஒப்பந்தம் செய்தன. அதே ஆண்டுகளில் வளைகுடா நாடுகளுடனான இருநாட்டு ஒப்பந்தங்களில் இருக்கை எண்ணிக்கை தாராளமாக உயர்த்தப்பட, சென்னையிலும் கொச்சியிலும் ஹைதராபாதிலும் ஏறிய பயணி துபாயிலோ தோஹாவிலோ விமானம் மாறி ஐரோப்பா, அமெரிக்கா போவது வழக்கமாயிற்று. புதிய விமானங்களைக் கொண்டு எந்தச் சந்தையைப் பிடிக்க நினைத்தார்களோ, அந்தச் சந்தையை அரசே இன்னொரு மேசையில் பேசிக் கொடுத்துக்கொண்டிருந்தது. 2011இல் வெளியான தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை விமானக் கொள்முதலையும் இந்தத் தாராளத்தையும் சேர்த்தே குறைகூறியது.

இதற்கு நடுவில் 2007இல் இரு நிறுவனங்களும் இணைக்கப்பட்டன. ஒன்றின் தலைமையகம் மும்பை நரிமன் முனையில், மற்றதன் தலைமையகம் டெல்லியில். ஒன்று போயிங், மற்றது ஏர்பஸ்; விமானிகளின் உரிமமும் பயிற்சியும் பொறியாளர்களின் சான்றும் உதிரிப் பாக இருப்பும் வெவ்வேறு. சம்பள விகிதமும் பதவி உயர்வுக் காலமும் வெவ்வேறு, தொழிற்சங்கங்களும் வெவ்வேறு. இந்தியன் ஏர்லைன்ஸின் ஐ.சி. என்ற பழைய குறியீடு மறைந்து எல்லாச் சேவைகளும் ஏ.ஐ. என்ற ஒரே குறியீட்டின் கீழ் வருவதற்கே 2011 ஆகிவிட்டது. அவ்வாண்டு பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகள் சம்பளச் சமத்துவம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். மறு ஆண்டு புதிய 787 விமானத்துக்கான பயிற்சியில் இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகளுக்கும் இடம் தரக்கூடாது என்று பழைய ஏர் இந்தியா விமானிகள் ஏறத்தாழ இரண்டு மாதம் வேலைக்கு வரவில்லை. ஒரே நிறுவனத்துக்குள் இரண்டு நிறுவனங்கள் ஒன்றுக்கு எதிராக ஒன்று போராடின. அமெரிக்காவுக்கு இடைநில்லாமல் பறப்பதற்கென்று வாங்கிய எட்டு போயிங் 777-200எல்.ஆர். விமானங்களில் ஐந்து பிறகு எத்திஹாத் நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. டாடாவிடம் திரும்பிய பின், அமெரிக்கச் சேவைகளை விரைந்து பெருக்க வேண்டியிருந்தபோது, டெல்டா நிறுவனம் பயன்படுத்திக் கைவிட்ட அதே வகை விமானங்கள் ஐந்தை ஏர் இந்தியா குத்தகைக்கு எடுத்தது.

2012இல் 30,231 கோடி ரூபாய் மூலதன உதவித் திட்டம் வகுக்கப்பட்டது. 2014இல் ஸ்டார் அலையன்ஸ் கூட்டமைப்பில் இடம் கிடைத்தது. இரண்டும் வட்டிச் சுமையை வெல்லப் போதவில்லை. 2018இல் 76 சதவீதப் பங்கை விற்க முயன்றபோது ஒருவரும் கேட்டு வரவில்லை. இறுதியில் 2021 அக்டோபரில், 18,000 கோடி ரூபாய் மதிப்பு கூறிய டாடாவின் டாலஸ் நிறுவனம் வென்றது. அதில் 15,300 கோடி ரூபாய் ஏற்றுக்கொள்ளும் கடன், 2,700 கோடி ரூபாய் மட்டுமே ரொக்கம். மொத்தக் கடன் 61,562 கோடி ரூபாயாக இருந்ததால், மீதி 46,262 கோடி அரசின் தனி நிறுவனம் ஒன்றுக்கு, அதாவது வரி செலுத்துவோருக்கு, மாற்றப்பட்டது. 2022 ஜனவரி 27 அன்று கைமாறியது. விற்பனை அறிவிப்பு வந்த சில வாரங்களிலேயே நிதி அமைச்சகம் எல்லாத் துறைகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது: பாக்கியைத் தீருங்கள், இனிமேல் சீட்டைப் பணம் கொடுத்து வாங்குங்கள். பல ஆண்டுகளாகச் செய்திருக்கவேண்டிய ஒரு செயல், நிறுவனம் விலைபோன பின் இரண்டு வரியில் முடிந்தது.

புதிய உரிமையாளரின் காலத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல இன்னும் நேரம் வரவில்லை. 2023இல் 470 விமானங்களுக்கு ஒப்பந்தமானது. 2024 நவம்பரில், டாடாவும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் சேர்ந்து நடத்திய விஸ்தாரா விமான நிறுவனம் இணைக்கப்பட்டு சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு 25.1 சதவீதப் பங்கு கிடைத்தது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடியதும், டெல்லியிலிருந்து வட அமெரிக்கா செல்லும் சில சேவைகள் வியன்னாவில் இறங்கி எரிபொருள் நிரப்பிச் செல்ல வேண்டியதாயிற்று. அவ்வாண்டு ஜூன் 12 அன்று அகமதாபாதிலிருந்து லண்டன் கிளம்பிய ஏ.ஐ. 171 விமானம் நொடிகளில் விழுந்து, அதிலிருந்த 242 பேரில் ஒருவர் மட்டுமே உயிர்பிழைத்தார். தரையில் இருந்தவர்கள் 19 பேரும் மாண்டனர். மேலெழுந்த உடனே இரு எஞ்சின்களின் எரிபொருள் விசைகளும் நிறுத்த நிலைக்குப் போயின என்று முதற்கட்ட அறிக்கை சொன்னது.

அரசிடம் நிறுவனம் இல்லாவிட்டால் அடுத்த குவைத்துக்கு யார் போவார்கள் என்று விற்பனையை எதிர்த்தவர்கள் கேட்டார்கள். நிறுவனம் கைமாறிய ஒரு மாதத்தில் விடை வந்தது. 2022 பிப்ரவரி இறுதியில் உக்ரைன் போர் வெடித்து, கீவ் நகரை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஏர் இந்தியா விமானம் பாதி வழியில் திரும்ப நேர்ந்தது. அடுத்த நாட்களில் புக்கரெஸ்ட், புடாபெஸ்ட் போன்ற அண்டை நகரங்களிலிருந்து ஏர் இந்தியாவும் இண்டிகோவும் ஸ்பைஸ்ஜெட்டும் விமானப்படையும் மாணவர்களை அழைத்துவந்தன. செலவை அரசு ஏற்றது. 1932இல் தபாலுக்கு இருந்த அதே முறைதான் இது.

ஆனாலும் அரசு விமானத் தொழிலை முற்றாக விட்டுவிடவில்லை. ஏர் இந்தியாவின் கிளையாக இருந்த அலையன்ஸ் ஏர் விற்பனையில் சேர்க்கப்படாமல் இன்றும் அரசிடம் இருக்கிறது. 2019 நவம்பரில் சென்னைக்கும் யாழ்ப்பாணத்தின் பலாலிக்கும் இடையே பல பத்தாண்டுகளுக்குப் பின் மீண்டும் விமானம் விட்டது அந்தச் சிறு நிறுவனம்தான். அந்தத் தடத்தில் ஏ.டி.ஆர். என்ற சிறிய விமானத்தின் இருக்கைகள் நிரம்புமா என்று அன்று யாருக்கும் தெரியாது. தனியார் எவரும் முன்வரவும் இல்லை. பெருந்தொற்றில் நின்ற அந்தச் சேவை 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது; பயணிகள் இருக்கிறார்கள் என்பது உறுதியான பின், 2024 செப்டம்பரில் இண்டிகோவும் அதே தடத்தில் பறக்க வந்தது.